எண்ணிக்கையில் சேராத ஆட்டங்கள்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 4, 5 ஆகிய இரு நாட்களில், மும்பை வொர்லிப் பகுதியிலுள்ள உள்ளரங்கு ஒன்றில் அமெரிக்கக் கூடைப்பந்துக் கோஷ்டிகள் இரண்டு வந்து ஆடின. ஒன்று சாக்ரமெண்டோ நகரத்துக் கிங்ஸ். மற்றது இந்தியானா மாநிலத்துப் பேசர்ஸ். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.யைச் சேர்ந்த கோஷ்டிகள் நம் நாட்டில் ஆடியது அதுவே முதல் முறை. முதல் நாள் ஆட்டம் கூடுதல் நேரம் வரை சென்று, 132-க்கு 131 என ஒரே புள்ளி வித்தியாசத்தில் பேசர்ஸ் வென்றது. மறுநாளும் அக்கோஷ்டியே 130-க்கு 106 என்ற கணக்கில் வெற்றி பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்து ஆரவாரம் செய்தனர்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் உரிய அந்த இரண்டு வெற்றிகளும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அவை பருவம் தொடங்குவதற்கு முன் நடைபெறும் ஒத்திகை ஆட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் கோஷ்டிக்கு நான்கு முதல் ஆறு வரை இத்தகைய ஆட்டங்கள் நடைபெறும். வென்றாலும் தோற்றாலும் அவை எண்ணிக்கையில் சேரா. அதன் பிறகே 82 ஆட்டங்கள் கொண்ட உண்மையான பருவம் தொடங்கும்.

எண்ணிக்கையில் சேராத ஆட்டங்களைப் பற்றி ரசிகர்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றனர்? டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களின் இளைஞர்களில், விடியற்காலையில் எழுந்து அமெரிக்க ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் இன்று சிலர் உண்டு. அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே மறுநாள் காலை ஆறு மணி. பிள்ளை அலுவலகம் புறப்படும் முன்னரே அந்த ஆட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் நண்பனோடு வாதிடத் தொடங்குவதைப் பெற்றோர் வியப்போடு பார்க்கின்றனர். அந்த வாதங்களைச் சற்று உற்றுக் கேட்டால், அக்டோபர் மாதத்தில் அவை இரண்டே கேள்விகளைச் சுற்றி வருவதைக் காணலாம். யாருக்குக் காயம் என்பது ஒன்று. அவன் இடம் யாருக்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டு கேள்விகளையும் விளங்கிக்கொள்ள முயல்வதே நம் நோக்கம்.

கூடைப்பந்து நமக்கு அந்நியமான ஆட்டமன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் குளிர்காலத்தில் மாணாக்கர் உள்ளரங்கிலேயே ஆடுவதற்காக இதனை வகுத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆட வைத்தார். அந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகவே இவ்வாட்டம் சென்னைக்கும் வந்தது. 1920-இல் எச். சி. பக் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர்கள் இதனைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மைதானங்களுக்குக் கொண்டு சென்றனர். மைதானத்தின் ஓரத்தில் வலையறுந்த வளையம் ஒன்று நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர்.

ஒன்பது பேர் பின்னர் ஐவராயினர். ஒரே சமயத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் நேரம் 48 நிமிடங்கள். ஐந்தை நாற்பத்தெட்டால் பெருக்கினால் 240. ஒரு பயிற்சியாளரின் கையில் ஓர் ஆட்டத்துக்கு இருக்கும் மொத்தச் செல்வம் இந்த 240 ஆள்-நிமிடங்களே. தலைசிறந்த ஐவரும் ஆளுக்கு முப்பத்துநான்கு நிமிடம் ஆடினால் 170 போய்விடும். எஞ்சிய எழுபதைத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சிறு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பிறகு வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

கோஷ்டியின் ஆட்டக்காரர் பட்டியலை அமெரிக்கர் 'ரோஸ்டர்' என்பர். நம் அலுவலகங்களில் புழங்கும் சொல்தான். ஆனால் நம்மிடையே அது இரவுக் காவல் யாருக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பணி யாருக்கு என்று காட்டும் முறைப்பட்டியல். அதில் பெயர் இல்லாதிருக்க வேண்டும் என்றே நாம் விரும்புவோம். அங்கே அதில் பெயர் ஏறுவதற்காக மனிதர் உயிரைக் கொடுத்து உழைக்கின்றனர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தகைய சொற்கள் வேடிக்கையும் தொல்லையும் ஒருங்கே தருவன.

இப்போதுள்ள விதிப்படி, பயிற்சி முகாமில் ஒரு கோஷ்டி 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது முழு ஒப்பந்தத்தில் 15 பேருக்கு மேல் இருத்தலாகாது. இவர்களைத் தவிர, 'இருவழி ஒப்பந்தம்' என்ற ஒன்று 2017-இல் ஏற்பட்டது. அதன்கீழ் வருவோர் பெரும்பகுதிக் காலத்தைச் சங்கத்தின் இளநிலைப் போட்டியில் ஆடிவிட்டு, அழைத்தபோது மேலே வந்து ஆடுவர். அவ்வகையில் முதலில் இருவருக்கு இடம் இருந்தது, 2023-இல் மூவராயிற்று. சங்கத்தில் கோஷ்டிகள் முப்பது. ஆக, உலகம் முழுவதற்கும் முழு இடங்கள் 450-தான். அவற்றுள் பெரும்பாலானவை நீண்டகால ஒப்பந்தங்களால் முன்னரே நிரம்பியிருக்கும். ஆண்டுதோறும் நடைபெறும் ஆள் தெரிவில் ஏறத்தாழ அறுபது இளைஞர்கள் புதிதாக அழைக்கப்படுகின்றனர். எனவே முகாமில் ஒரு கோஷ்டியில் உண்மையாகவே காலியாக இருப்பது ஓர் இடம் அல்லது இரண்டு இடங்கள். சில ஆண்டுகளில் ஒன்றுமே இராது.

முகாமுக்கு வருபவர்களுள் கடைசி நான்கைந்து பேரின் ஒப்பந்தம் உறுதிச் சம்பளம் இல்லாதது. பருவம் தொடங்குமுன் அவர்களை நீக்கினால் கோஷ்டிக்குப் பெருஞ்செலவு இல்லை. நீக்கப்பட்டவனை வேறு கோஷ்டி எடுத்துக்கொள்வதற்கு 48 மணி நேரம் தவணை உண்டு. அதற்குள் எவரும் கேளாவிடில் அவன் எவருக்கும் கட்டுப்படாதவன். சுதந்திரம் என்று சொல்லலாம். வேலையின்மை என்றும் சொல்லலாம். பட்டியலில் தப்பிப் பிழைத்தாலும், உறுதி பெறாத சம்பளம் முழுமையும் உறுதியாவது ஜனவரி 10-ஆம் தேதியன்றுதான். நம் நாட்டில் தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஊழியன் நாட்காட்டியைப் பார்ப்பதுபோல் அந்த இளைஞனும் ஜனவரி வரை நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான்.

இதற்கு நம்மவர்க்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. கனடா நாட்டில் பிறந்த பஞ்சாபியர் சிம் புல்லர். உயரம் ஏழடி ஐந்தங்குலம். 2014-ஆம் ஆண்டு ஆள் தெரிவில் அவரை எவரும் அழைக்கவில்லை. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேயைத் தலைமை உரிமையாளராகக் கொண்ட சாக்ரமெண்டோ கிங்ஸ், அவரை அவ்வாண்டு முகாமுக்கு எடுத்து, அக்டோபரிலேயே நீக்கிவிட்டது. அவர் இளநிலைப் போட்டியில் ரீனோ நகரக் கோஷ்டிக்குச் சென்று குளிர்காலம் முழுவதும் ஆடினார். பருவம் முடியும் தறுவாயில், 2015 ஏப்ரலில், பத்து நாள் ஒப்பந்தத்தில் கிங்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி முதன்முதலாக அரங்கில் இறங்கியபோது அவர் ஆடியது பதினாறு விநாடிகள். மொத்தம் ஆடியவை மூன்று ஆட்டங்கள். இந்திய வம்சத்தவர் ஒருவர் அச்சங்கத்தின் பருவ ஆட்டத்தில் ஆடியது அதுவே முதன்முறை என்று வரலாற்றில் பதிவாயிற்று.

அதே ஆண்டு ஜூனில், பஞ்சாபின் பல்லோகே கிராமத்தில் பிறந்து லூதியானாவில் பயின்ற சத்னாம் சிங் பமாராவை டல்லாஸ் கோஷ்டி 52-ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்து அவ்வாறு தெரிவு செய்யப்பட்டவர் அவரே முதல்வர். அவரோ இளநிலைப் போட்டியில் இரண்டு பருவங்கள் ஆடியும் மேல்நிலையில் ஓர் ஆட்டத்திலும் இறங்க இயலவில்லை. அழைக்கப்படுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, காயம். பருவம் தொடங்குமுன்னரே மனிதருக்குக் காயம் நேர்வதேன் என்று கேட்பது இயல்பு. ஓய்விலிருந்த உடல் திடீரென்று கடும் உழைப்புக்கு உள்ளாவது ஒரு காரணம். எலும்பு கல்லன்று, அது தேய்ந்து தேய்ந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது. சுமை மெல்ல மெல்ல ஏறினால் அந்தப் புதுப்பிப்பு ஈடுகொடுக்கும். ஒரே வாரத்தில் ஏறினால் தேய்மானம் முந்திக்கொள்ளும். மெல்லிய கீறல் தோன்றும். சுண்டுவிரலோடு சேரும் பாத எலும்பின் அடிப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே முறிந்தால் கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். 2016-இல் முதல் ஆளாகத் தெரிவு செய்யப்பட்ட பென் சிம்மன்ஸுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி முகாமிலேயே அந்த எலும்பு முறிந்தது. ஒரு பருவம் முழுவதும் போயிற்று.

மற்றொரு வகை, முழங்காலுக்குள் நேர்வது. தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் பிணைத்து, கீழெலும்பு முன்னோக்கி நழுவாமலும் முழங்கால் முறுகாமலும் காக்கும் குறுக்கு நார் ஒன்று உண்டு. ஓடுபவன் திடுமென நின்று திரும்பும்போதோ, தாவியவன் ஒற்றைக் காலில் இறங்கும்போதோ அது அறுந்துபோகும். பெரும்பாலும் எவரும் இடிக்கமாட்டார்கள், தள்ளமாட்டார்கள். பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கும். அறுந்த நார் தானே ஒட்டாது. உடலின் வேறிடத்திலிருந்தோ பிறிதிடத்திலிருந்தோ நார் எடுத்துப் பொருத்தி, அது வேரூன்றி வலுப்பெறுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அந்த மூட்டுக்குள்ளேயே மெத்தைபோல் அமைந்துள்ள பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்தால் அவ்வளவு காலம் ஆகாது. 2019-இல் பேரெதிர்பார்ப்போடு வந்த சயான் வில்லியம்சன் ஒத்திகை ஆட்டங்கள் நான்கில் கூட்டத்தை வியக்க வைத்தபின், குருத்தெலும்புக் கிழிசலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பருவத்தின் முதல் 44 ஆட்டங்களை இழந்தார். பத்தாண்டுக்கு முன், 2009-இல், பிளேக் கிரிபின் கடைசி ஒத்திகை ஆட்டத்தில் பந்தை வளையத்துள் அறைந்துவிட்டு இறங்கியபோது முழங்காற்சில்லில் கீறல் விழுந்து, 82 ஆட்டங்களையும் இழந்தார். எண்ணிக்கையில் சேராத ஓர் ஆட்டம் எண்ணிக்கையில் சேரும் அத்தனை ஆட்டங்களையும் விழுங்கிவிட்டது.

இப்போது ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு வருவோம்: "அவனுக்குப் பதில் யார்?" இந்தக் கேள்வியே சற்றுப் பிழையாக அமைந்தது என்பது நம் கருத்து. ஏன் என்பதற்கு ஓர் ஊரின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரத்தின் ஸ்பர்ஸ் கோஷ்டி, கிரெக் பாபவிச் என்ற பயிற்சியாளரின் கீழ் 1999 முதல் 2014 வரை ஐந்து முறை வாகை சூடியது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் அதன் பழைய தூண்கள் ஒவ்வொன்றாக விலகின. பதினேழு பருவங்கள் பந்தைக் கையாண்டு கோஷ்டியை நடத்திய டோனி பார்க்கர் ஜூலையில் வேறு கோஷ்டிக்குச் சென்றார். அதே மாதத்தில் காவாய் லெனர்டும் டேனி கிரீனும் டொரன்டோவுக்கு மாற்றப்பட்டு, அவர்களுக்கு ஈடாக டெமார் டிரோசன் முதலியோர் வந்தனர். ஆகஸ்டில் அர்ஜென்டினா நாட்டு மானு ஜினோபிலி ஓய்வு பெற்றார். எஞ்சிய நம்பிக்கை டெஜான்டே மரே என்ற இருபத்திரண்டு வயது இளைஞர்மேல் இருந்தது. அவர் 2016-இல் 29-ஆவது ஆளாக வந்தவர். 2018 ஜனவரியில் பார்க்கரின் இடத்தையே பெற்றவர். எதிரியைத் தடுத்தாடுவதில் அவ்வாண்டு சங்கத்தின் சிறப்புப் பட்டியலில் மிக இளவயதில் இடம்பிடித்தவர்.

அக்டோபர் 5-ஆம் தேதி ஒத்திகை ஆட்டத்தில் புதுமுகமான லானி வாக்கருக்கு முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்தது. அக்டோபர் 7-ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிரான ஒத்திகையில், இரண்டாம் கால்பகுதியில், பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்த மரே எவரும் மோதாமலேயே தடுமாறி நொண்டினார். மறுநாள் பரிசோதனையில் வலது முழங்காலின் குறுக்கு நார் அறுந்தது தெரிந்தது. பருவம் முழுவதும் முடிந்தது. அவருக்கு அடுத்தபடியாகக் கருதப்பட்ட டெரிக் வொய்ட்டுக்குச் சில நாட்களிலேயே உள்ளங்காலில், குதிகாலிலிருந்து விரல்வரை விரிந்திருக்கும் நார்ப்பட்டை கிழிந்தது. ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் பந்தைக் கையாளும் இளைஞர் மூவர் படுக்கையில். பருவத்தின் முதல் ஆட்டமோ அக்டோபர் 17.

அந்த முதல் ஆட்டத்தில் மரேயின் இடத்தில் இறங்கியவர் பிரின் போர்ப்ஸ். மரே வந்த அதே 2016-இல் ஆள் தெரிவில் எவராலும் அழைக்கப்படாமல், கோடைப் பயிற்சியிலும் முகாமிலும் தன் கையின் குறியைக் காட்டியே இடம்பெற்றவர். உயரம் குறைவு; தூரத்திலிருந்து எறிவதே அவர் தொழில். ரசிகர்கள் கவலைப்பட்டதில் வியப்பில்லை. எனினும் அவர் அப்பருவத்தின் 82 ஆட்டங்களிலும் ஆடினார். அவற்றுள் 81-இல் தொடக்க ஐவருள் ஒருவராகவே இறங்கினார். ஆட்டத்துக்குச் சராசரி 11.8 புள்ளிகள்.

அப்படியானால் மரேக்குப் பதில் போர்ப்ஸ் என்று கணக்கை முடித்துவிடலாமா? அலுவலக வழக்கத்தை அறிந்தவர்கள் அவ்வாறு முடிக்கமாட்டார்கள். ஓர் அதிகாரி நெடுங்கால விடுப்பில் சென்றால் அவருடைய நாற்காலியில் ஒருவர் அமர்வார். அவருடைய கோப்புகள் மூன்று மேசைகளுக்குப் பிரிந்து போகும். யாரும் தொடாமல் தூசு படிந்து கிடக்கும் கோப்பும் ஒன்றிரண்டு உண்டு. சான் அன்டோனியோவிலும் அதுவே நடந்தது. நாற்காலி போர்ப்ஸுக்குக் கிடைத்தது. பந்தைக் கொண்டுசென்று பிறருக்கு வழங்கும் வேலை பெரும்பாலும் டிரோசன் தலைமேல் விழுந்தது. அதுவரை தம் வாழ்வில் கண்டிராத அளவில், ஆட்டத்துக்கு ஆறு முறைக்கு மேல் பிறர் கூடையிட அவர் பந்து வழங்கினார். ஆஸ்திரேலியர் பாட்டி மில்ஸ் இரண்டாம் வரிசையைக் கவனித்துக்கொண்டார். தடுத்தாடுதல் என்னும் கோப்பைத்தான் எவரும் எடுக்கவில்லை. தடுப்பில் பல்லாண்டுகள் முதல் வரிசையில் நின்ற கோஷ்டி அவ்வாண்டு பட்டியலின் நடுவுக்கும் கீழே இறங்கிற்று. டிசம்பர் தொடக்கத்தில் 11 வெற்றி, 14 தோல்வி என்ற நிலை.

நவம்பரில் திரும்பிய வொய்ட் மெல்ல மெல்ல அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டார். கோஷ்டி 48 வெற்றி, 34 தோல்வியோடு பருவத்தை முடித்து, தொடர்ந்து 22-ஆவது ஆண்டாக இறுதிச்சுற்றுகளில் நுழைந்தது. சங்கத்தின் நெடிய சாதனைக்கு அது சமம். முதற்சுற்றில் டென்வருக்கு எதிராக மூன்றாம் ஆட்டத்தில் வொய்ட் 36 புள்ளிகள் குவித்தார். ஏழாவது ஆட்டம் வரை போராடித்தான் தோற்றனர்.

மரேக்குக் காயம் நேராதிருந்தால் போர்ப்ஸ் 81 ஆட்டங்களில் தொடங்கியிருப்பாரா? வொய்ட் அந்த 36 புள்ளிகளை எடுத்திருப்பாரா? ரசிகர்கள் ஓயாமல் வாதிடும் பொருள் இது. நாம் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. போர்ப்ஸ் 2021-இல் மில்வாக்கியிலும், வொய்ட் 2024-இல் பாஸ்டனிலும் வாகை சூடிய கோஷ்டிகளில் இருந்தனர். மரேயும் தாழ்ந்துவிடவில்லை, ஓராண்டு கழித்துத் திரும்பி, 2022-இல் சங்கத்தின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். ஆகவே ஒருவனுடைய துயரம் மற்றவனுடைய பேறு என்று சுருக்கிச் சொல்வதும் முழு உண்மையன்று. வேலை பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதில் சிலர் புதிதாகக் கற்றுக்கொண்டனர். அவ்வளவே.

இதை அறிந்தபின் ஒத்திகை ஆட்டத்தைப் பார்க்கும் முறையே மாறிவிடும். புள்ளிகளை எண்ணுவதில் பயன் குறைவு. கடைசிக் கால்பகுதியில் எதிரே நிற்பவர்களும் நீக்கப்படும் நிலையில் இருப்பவர்களே; அவர்களுக்கு எதிராக இருபது புள்ளி எடுத்தவன் நவம்பரில் பெஞ்சில் அமர்ந்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. எந்த நேரத்தில் அவனை இறக்குகிறார்கள், முதல் வரிசையினரோடு சேர்த்து ஆட விடுகிறார்களா, எதிரியின் எந்த ஆளைத் தடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கிறார்கள், பந்து தவறியபின் உடனே வெளியே இழுக்கிறார்களா அல்லது பொறுத்துக்கொள்கிறார்களா என்பவையே பயிற்சியாளரின் உள்ளத்தைக் காட்டும். அவர் பத்திரிகையாளரிடம் சொல்வதில் அது வெளிப்படாது. எல்லோரையும் புகழ்வது அக்டோபர் மாதச் சம்பிரதாயம்.

காயச் செய்திகளின் மொழியும் தனி மொழிதான். நாளுக்கு நாள் கவனிக்கப்படுகிறார் என்றால் விரைவில் வருவார் என்று பொருள். வாரத்துக்கு வாரம் என்றால் ஒரு மாதம் ஆகலாம். காலவரையின்றி என்றால் கேட்காதீர்கள் என்று பொருள். சர்க்கார் அறிக்கைகளில் பழகிய கண்ணுக்கு இவை புதியனவல்ல. ரசிகர்கள் இவற்றை வைத்துக்கொண்டு தாமே வைத்தியராகி நாள் குறிப்பதுதான் நமக்கு உவப்பில்லாத பழக்கம். ஒரே நாரின் அறுப்பு ஒருவனுக்கு ஒன்பது மாதம், மற்றொருவனுக்குப் பதினான்கு மாதம். விரைந்து வரவில்லையென்று அவன் மனத்திண்மையைச் சந்தேகிப்பது அதைவிடக் கொடிது. சென்ற பருவத்தில் தோளில் தூக்கியவர்களே அவ்வாறு பேசுவதைக் கேட்கையில் வருத்தமாயிருக்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். மரே, சிம்மன்ஸ் போன்றோர்க்கு உறுதிச் சம்பளம் இருந்தது. ஒரு பருவத்தை இழந்தபோதும் ஊதியத்தை இழக்கவில்லை. நீண்டகாலம் ஆட முடியாதவருக்கு மாற்றாக ஆள் எடுக்கக் கோஷ்டிக்கும் சம்பள வரம்பில் சிறு தளர்வு கிட்டும். ஆயினும் பதினைந்து என்ற எண் தளராது. அந்த இடத்துக்காக வேறொருவனை நீக்கவே வேண்டும். முகாமின் கடைசி வரிசையில் இருப்பவனுடைய ஒப்பந்தத்திலோ, ஆட்டத்தில் காயம் நேர்ந்தாலும் ஒரு சிறு தொகையோடு கோஷ்டியின் பொறுப்பு முடிந்துவிடும் என்ற ஷரத்து சேர்க்கப்படுவதுண்டு. நீக்கப்பட்டபின் அக்கோஷ்டியின் இளநிலைப் பிரிவில் அறுபது நாள் தங்கினால் ஒரு வெகுமதி உண்டு. 2017-இல் இம்முறை ஏற்பட்டபோது அதன் உச்சவரம்பு 50,000 டாலர். மேல்நிலை ஆட்டக்காரரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மிகக் கடுமையாக உழைத்துத் தன் உடலை ஆபத்துக்கு உட்படுத்துபவனுக்கே பாதுகாப்பு மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசிக் கால்பகுதியைப் பார்த்தால், மந்தமாகத் தோன்றும் அவ்வாட்டம் வேறு விதமாகத் தெரியும்.

அவ்வாறு கடைசி வரிசையில் நின்றவர்களுள் ஒருவர் அலெக்ஸ் கருசோ. 2016-இல் ஆள் தெரிவில் எவரும் அழைக்காத அவரை ஓக்லஹோமா நகரக் கோஷ்டி முகாமுக்கு எடுத்து, அக்டோபரில் நீக்கியது. அவர் அக்கோஷ்டியின் இளநிலைப் பிரிவில் ஓராண்டு ஆடி, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் இருவழி ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2020-இல் அங்கே வாகை சூடினார். 2024-ஆம் ஆண்டு ஜூனில், சிகாகோவிலிருந்த அவரைத் தன் இளைஞன் ஒருவனை ஈடாகக் கொடுத்து வாங்கியது, முன்பு அவரை நீக்கிய அதே ஓக்லஹோமா. அங்கே அவரோடு ஆடியவர்களுள் ஒருவர் செட் ஹோம்கிரன். 2022-இல் இரண்டாம் ஆளாகத் தெரிவாகி, முகாம் தொடங்குமுன்னரே ஆகஸ்டில் நடந்த ஒரு கோடைக்கால ஆட்டத்தில் பாதத்தில் அடிபட்டு, முதற்பருவம் முழுவதையும் இழந்தவர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய ஓக்லஹோமா கோஷ்டி வென்றது. தோற்றது பேசர்ஸ், அதன் தலைவனாக விளங்கிய டைரீஸ் ஹாலிபர்ட்டன் அன்று முதற் கால்பகுதியிலேயே குதிகால் நார் அறுந்து வீழ்ந்தார். அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். பேசர்ஸ் முகாம் கூடியபோது, அவர் நாற்காலியில் யார், அவர் கோப்புகள் யார் யாருக்கு என்ற பேச்சு முன்னரே தொடங்கியிருந்தது.